துறைமுகத்தில் இருந்த மாமா

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பெக்டரியில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிப்பது என் வேலை. கொழுந்து நிறுக்க வரும்போதெல்லாம் அம்மா எட்டிப் பார்த்து, “ஆணி வெளிய நீட்டாம அடிடா, ஒங்க மாமா தோள்ல குத்திரும்” என்பாள். கூட வேலை செய்தவர்கள் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்து தீர்த்தார்கள்.

அந்த மாமாவை நான் பார்த்ததே இல்லை. அம்மா சிறுமியாக இருந்தபோது தகப்பனுடனும் அண்ணனுடனும் தூத்துக்குடியில் கப்பலேறி வந்தவள். கொழும்பில் கரையிலிருந்து தள்ளியே கப்பல் நின்றுவிட்டது. அண்ணனுக்குக் காய்ச்சல் என்று டாக்டர் கப்பலிலேயே நிறுத்திவைத்தார். மற்ற இருவரையும் படகில் இறக்கி, தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்த கங்காணி ரயிலேற்றிவிட்டார். தகப்பன் அந்த வருஷமே செத்துப்போனார். அண்ணன் துறைமுகத்திலேயே தங்கிச் சுமை தூக்குகிறான், நம் தோட்டத்துப் பெட்டி அவன் தோளில்தான் ஏறுகிறது என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். கொழும்புக்குப் போகிறவர்களிடமெல்லாம் தேடிப் பார்க்கச் சொல்லி உயிரை வாங்குவாள்.

ஐம்பதுகளின் கடைசியில் நானே அவளைக் கூட்டிப்போனேன். எனக்கு மாமாவைவிடக் கப்பலைப் பார்க்கும் ஆசைதான் அதிகம். அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கட்டியிருந்த கல் அணையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். இத்தனை கல்லையும் யார், எப்படிக் கொண்டுவந்து போட்டார்கள்? துறைமுக வாசலருகே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த, எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிட்ட முஸ்லிம் பெரியவரைத் துளைத்தெடுத்தேன். அவருடைய வாப்பா அங்கே படகோட்டியாக இருந்தவராம். அணை கட்டுவதற்கு முன் பெரிய கப்பல்களெல்லாம் தெற்கே காலித் துறைமுகத்துக்குத்தான் போகும் என்றார். அணை வந்த பிறகும் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கவில்லை, ஆட்களைக் கரைசேர்த்தது படகுக்காரர்கள்தான் என்றார். எனக்குக் கேட்கக் கேட்க அலுக்கவில்லை.

“காய்ச்சல்னு கப்பல்ல நிறுத்துன ஆளுங்கள அப்புறம் எப்ப எறக்குவாங்க, நானா?” என்று அம்மா அவரிடம் கேட்டாள்.

“எறக்க மாட்டாங்கம்மா. அதே கப்பல்ல தூத்துக்குடிக்குத் திருப்பி அனுப்பிருவாங்கன்னு வாப்பா சொல்லுவாரு.”

அம்மா குடித்துக்கொண்டிருந்த கிளாசைக் கீழே வைத்துவிட்டாள். அந்த மனிதரின் வாயை ஏன்தான் கிளறினேனோ என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊருக்கு எழுதிப் போட்டு விசாரிக்கலாம் என்றேன். ஊர்ப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு குளமும் அதன் கரையில் இருந்த புளியமரமும்தான் ஞாபகமாம்.

திரும்பி வரும் ரயிலில் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “அவன் காணாமப் போகலடா. அவன் ஊருலதான் இருந்திருக்கான். காணாமப் போனது நாந்தான்.”