துணைக்குப் போன ஒரு வாரம்

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் தெற்கத்திப் பக்கம். ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்குவார்கள், விழித்திருந்தால் போனைப் பார்ப்பார்கள். அதில் ஒருத்தன் மட்டும் நின்று இரண்டு வார்த்தை பேசுவான். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் அவன் தப்பான வண்டியில் ஏறப் போனான். நான் போர்டைப் பார்த்துவிட்டு, இது படப்பை வண்டிடா என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆச்சி எத்தனாப்பு வரைக்கும் படிச்சீக என்று கேட்டான். ஆச்சி கீச்சி என்று கூப்பிடாதே, எனக்கு இன்னும் ஒரு பல் ஆடவில்லை என்று முதலில் அதைச் சரி செய்தேன். பிறகு, ஒண்ணாங்கிளாஸ் என்றேன்.

பொய் இல்லை. ஒண்ணாங்கிளாசில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அது நடந்தது தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது. அவனுக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஏரி நிரம்பி வழிந்த வருஷம் பிறந்தான் என்று அம்மா சொல்வாள். எந்த வருஷம் வழிந்தது என்பது அப்பாவுக்கு ஞாபகம் இருக்காது. அதனால் பெரிய வாத்தியார் எல்லாப் பிள்ளைக்கும் செய்கிற மாதிரி வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் வயது வந்துவிட்டது என்று அர்த்தம். தம்பியின் விரல் எட்டவில்லை. அப்பா பின்னால் நின்றபடி அவன் தலையை மெதுவாகச் சாய்த்துவிட்டார். பெரிய வாத்தியாரும் சரியாக அந்த நேரத்தில் மூக்குப்பொடி எடுக்கத் திரும்பிக்கொண்டார். சேர்த்தாகிவிட்டது. பக்கத்தில் நின்ற நானும் என் கையைத் தலைக்கு மேலே போட்டுப் பார்த்தேன். காதைத் தாண்டிக் கழுத்து வரைக்கும் போனது. யாரும் என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஆடு மேய்ப்பது, தண்ணீர் எடுப்பது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்வது எல்லாம் என் வேலை. இதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியாது. எங்கள் ஆடுகளைப் போலக் கொழுத்த ஆடுகள் அந்த ஏரிக்கரையிலேயே கிடையாது.

தம்பி முதல் நாள் அழுத அழுகை ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளை அழுதால், அந்த வீட்டுப் பெரிய பெண் துணைக்கு வந்து உட்கார வேண்டும். பிள்ளை பழகியதும் அவள் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனி மாதம் ஒண்ணாங்கிளாசை எட்டிப் பார்த்தால் நடுவில் குட்டிப் பிள்ளைகள் வரிசையாக இருக்கும். சுவரோரம் நாலைந்து பெரிய பெண்கள், பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, விருந்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். தம்பிமார் அழுகையை நிறுத்த நிறுத்த ஒவ்வொருத்தியாகக் குறைந்துகொண்டே வருவார்கள். அப்படித்தான் நானும் திங்கட்கிழமை காலையில் சுவரோரம் போய் உட்கார்ந்தேன்.

டீச்சர் குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். ஒல்லியாக, சின்ன வயதாக இருந்தார். ஆனால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவ்வளவு பிள்ளைகள் கத்துகிற இடத்தில் அவர் குரல் சின்னதாக ஆக, கிளாசும் சின்னதாக அடங்கும். அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் ஆடுகளிடம் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு கை மணல். ஏரியிலிருந்து எடுத்துச் சலித்த மணல், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அன்றைக்கு ட எழுத்து. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே பக்கத்தில் ஒரு கோடு. தம்பி விரலை நீட்டாமல் என் மடியில் முகத்தை வைத்து அழுதான். அவன் விரலைப் பிடித்து நீ எழுத வை என்று டீச்சர் என்னிடம் சொன்னார். நான் அவன் விரலைப் பிடித்து எழுதினேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அவன் கையை உருவிக்கொண்டு ஓட்டின் மேல் உட்கார்ந்த அணிலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நான் என் விரலால் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பயந்து மணலைக் கலைத்தேன். அவர் சேலை முந்தானையில் இன்னும் கொஞ்சம் மணல் எடுத்து வந்து என் முன்னாலும் கொட்டினார்.

செவ்வாய்க்கிழமை ப. மூன்று கோடு, மாட்டுத்தொட்டி மாதிரி. அன்றைக்குத் தம்பி காலையில் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினான், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அவனுக்கு இரண்டு கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள். என்னை யார் என்றே அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் மழைப் பாட்டு. பத்து விரலையும் தரையில் தட்டினால் தூறல், உள்ளங்கையால் தட்டினால் பெருமழை, தொடையில் அடித்தால் இடி. நாங்கள் இடித்த இடியில் பக்கத்து மூணாங்கிளாஸ் வாத்தியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை களிமண். பையன்கள் எல்லோரும் பாம்பு செய்தார்கள். உருட்டினால் போதும், பாம்பு வந்துவிடும். நான் அம்மியும் குழவியும் செய்தேன். அம்மி கொத்தியது போல ஈர்க்குச்சியால் புள்ளி வைத்தேன். டீச்சர் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு ஜன்னலில் காய வைத்தார். அப்புறம், சுவரோரம் வேண்டாம், வரிசைக்கு வா என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குட்டிப் பிள்ளைகள் நடுவில் நான் பனைமரம் மாதிரி இருந்திருப்பேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளாசே என் முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது என்றுதான் தோன்றியது.

மத்தியானச் சாப்பாடு பெயர் சேர்த்த பிள்ளைகளுக்குத்தான். துணைக்கு வந்தவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கூழ் குடித்துவிட்டு வருவோம். வரிசைக்கு வந்த பிறகு டீச்சர் என்னைப் போக விடவில்லை. தன் டப்பா மூடியில் எலுமிச்சம்பழச் சோறு வைத்துக் கொடுத்தார். சோற்றில் வேர்க்கடலை போடுகிறவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை தரையில் சாக்கட்டியால் ம எழுதி, அதன் மேல் புளியங்கொட்டை அடுக்கினோம். அன்றைக்குச் சுவரோரம் ஒருத்தியும் இல்லை. கடைசியாக இருந்த ஏரிக்கரை வீட்டுப் பெண்ணும் காலையில் தன் தம்பியை வாசலில் விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் துணைக்கு வந்தவள். நான்தான் வரிசைக்கு வந்துவிட்டேனே.

வீட்டில் மட்டும் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் கடலைக்கொல்லையைத் தாண்டித்தான் டீச்சர் பஸ்ஸுக்குப் போவார். அங்கே அம்மா களை எடுத்துக்கொண்டிருப்பாள். புதன்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து, இவன் இன்னும் அழுகிறானாம், அக்காவை அனுப்பு என்று டீச்சர் சொல்கிறார் என்றாள். வியாழக்கிழமையும் அதையே சொன்னாள். அம்மா வேறு யார் வீட்டுப் பிள்ளையையோ நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று நான் விட்டுவிட்டேன். சித்தப்பா விடவில்லை. அவருக்குக் கேலி செய்ய ஒரு ஆள் கிடைத்துவிட்டால் சோறு இரண்டு பிடி கூடவே இறங்கும். தம்பிக்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்தார். எங்கள் பரம்பரையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் பயந்தவன் கிடையாது என்றார். அவர் இரண்டாங்கிளாசில் வேலியைத் தாண்டி ஓடியவர் ஓடியவர்தான், திரும்பிப் போகவே இல்லை என்பது ஊருக்கே தெரியும். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை நான் இடுப்பில் வைத்து வளர்த்திருக்கிறேன். அவனை ஒருத்தர் ஒன்று சொன்னால் அது என்னைச் சொன்ன மாதிரி.

வெள்ளிக்கிழமை டீச்சர் என் மணலில் மூன்று எழுத்தையும் சேர்த்து எழுதினார். கடைசி ம தலையில் ஒரு புள்ளி வைத்தார். என்ன எழுதியிருக்கிறேன் சொல் என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சேர்த்துச் சொல் என்றார். படம் என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மணலில் கிடந்த கோடெல்லாம் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. டீச்சர் அதை அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். மடம் என்றேன். அதையும் அழித்துப் பட்டம் எழுதினார். அதையும் படித்தேன். அவர் அப்படியே கொஞ்ச நேரம் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் மணலை வாரித் தலையில் போட்டுக்கொள்வதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் எங்கள் இரண்டு பேரையும் தானே கூட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தார். இப்போது அந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அன்றைக்கு வேர்க்கடலை பூ விட்டிருந்தது. அம்மா களைக்கொத்தோடு நிமிர்ந்தாள். சித்தப்பா கிணற்றடியில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் மாட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

"பையன் இன்னும் அக்கா மடிய விட மாட்டேன்றாம்மா. அழுதுகிட்டே இருக்கான். அடுத்த வாரமும் பொண்ணு வரட்டும். அதுக்கு மேலயும் பாக்கலாம்" என்றார் டீச்சர்.

சித்தப்பா தம்பியின் முகவாயைப் பிடித்துத் தூக்கினார். "இன்னாடா அழுமூஞ்சி, கண்ணாலத்துக்கும் அக்கா வந்து பக்கத்துல குந்திக்கணுமா?"

களை எடுக்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் சிவந்துவிட்டது.

"பொய்ம்மா" என்றேன். "டீச்சரு பொய் சொல்றாங்க. தம்பி செவ்வாக்கெழமையே நிறுத்திட்டான். ஒரு சொட்டுத் தண்ணி வர்ல அவன் கண்ணுல. நான் பக்கத்துலயே கீறேன், எனக்குத் தெரியாதா?"

அம்மா தம்பியைப் பார்த்தாள். "அழுதியாடா?"

"நான் எங்க அழுதேன்?" என்றான் அவன். "அக்காதான் பாட்டுப் பாடினு, எழுதிகினு கீது. என்னப் பாக்கவே மாட்டேங்குது."

சித்தப்பா கையை எடுத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் குனிந்து களையைப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் மாறியது. அது கோபம் இல்லை. கணக்குப் புரிந்தவள் முகம் மாதிரி இருந்தது. டீச்சர் குடையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"தம்பிய விட்டுக்குடுக்கவே மாட்ட, இல்ல?" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொன்னவரை எல்லோர் முன்னாலும் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், அப்போதும் என்னைத் தட்டிக் கொடுக்கிறார் என்றால் எவ்வளவு நல்ல டீச்சர் என்று நினைத்தேன். தம்பி கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வீட்டைப் பார்த்து நடந்தேன். சித்தப்பா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்களுக்குப் பின்னால் நடந்த பேச்சை அம்மா எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகி மூத்தவன் பிறந்த பிறகு. பெண்ணுக்கு எழுத்து நன்றாக வருகிறது, பெயரைச் சேர்த்துவிடலாம், புத்தகம் நான் வாங்கித் தருகிறேன் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். இவள் வந்துவிட்டால் ஆட்டை யார் பார்ப்பது, இந்த வாரம் முழுக்க ஆட்டையும் பார்த்துக் களையும் எடுத்து என் இடுப்பு ஒடிந்துவிட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். டீச்சர் பஸ் வருகிற வரைக்கும் நின்று கேட்டிருக்கிறார். பையன் அழுகிறான் என்றால் ஒரு தாய் அனுப்பிவிடுவாள், பெண் படிக்கிறாள் என்றால் அனுப்ப மாட்டாள் என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அப்படிச் சொன்னார். ஒவ்வொரு வாரமாக இழுத்து என்னை வருஷம் முழுக்க உட்கார வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் நான் தலையை வாரி ரிப்பன் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். ட, ப, ம முடிந்துவிட்டது, இன்றைக்கு என்ன எழுத்தோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையில் ஆடு ஓட்டுகிற குச்சியைக் கொடுத்தாள். தம்பியின் கையில் சிலேட்டைக் கொடுத்து, நீதான் பெரிய ஆளாகிவிட்டாயே, தனியாகப் போ என்றாள்.

அவன் போனான். தெருமுனையில் ஒரு தடவை நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். உதடு லேசாகக் கோணியது. நான் குச்சியை ஓங்கி, அழாதே, சித்தப்பா பார்க்கிறார் என்று ஜாடை காட்டினேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். அவன் பள்ளிக்கூடம் போய்ச் சேருகிற வரைக்கும், என் தம்பி அழவில்லை என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.