ஒட்டிப்போன கொக்கி

ராஜபாளையத்து மில் ஒன்றில் பேல் பிரஸ்ஸின் கதவு பிய்த்துக்கொண்டு வந்து, எதிரே நின்றவரின் தாடையை உடைத்தது. அன்று சாயங்காலம் என் அண்ணன் செருப்புக் காலோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, முதல் வேலையாக என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தான். நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தபோது சட்டைப் பொத்தான்கள் தெறித்துத் தரையில் கிடந்தன.

"தாங்கும், தாங்கும்னு கம்ப்யூட்டர்ல கலர் கலரா காட்டுனீயளே மாப்ள! இப்போ ஒருத்தன் வாய் கிழிஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கான். மில்லுக்காரன் என் பட்டறைய ஒடைக்க ஆள் அனுப்புதேங்கான்!"

அண்ணனுக்குத் தொழில் பேல் பிரஸ் செய்வது. நூல் மில்களில் மலையாகச் சேரும் கழிவுப் பஞ்சை நெருக்கிப் பொதியாக்கும் இயந்திரம் அது. ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்புப் பெட்டி, முன்பக்கம் கதவு. மேலிருந்து ஒரு தட்டு எண்ணெய் அழுத்தத்தில் இறங்கிப் பஞ்சை அமுக்கும். அமுங்க அமுங்கப் பஞ்சு கதவை வெளியே தள்ளும். அத்தனை தள்ளலையும் தாங்கிப் பிடிப்பது கதவில் இருக்கும் ஒரு கொக்கியும், அது மாட்டிக்கொள்ளும் பின் என்னும் இரும்பு முளையும்தான். இயக்குகிற லீவர் கதவுக்கு நேர் எதிரே இருக்கும். ஆகவே ஓட்டுகிற ஆளும் அங்கேதான் நிற்க வேண்டும்.

கொக்கியின் வடிவத்தை அண்ணன் புதிதாக மாற்றியபோது, அது தாங்குமா என்று பார்த்துச் சொன்னவர் என் வீட்டுக்காரர். எங்கள் இரண்டு பேருக்குமே அதுதான் பிழைப்பு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறோம். கார்ப் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அவற்றை மெஷ் என்னும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, எங்கே வளையும், எங்கே உடையும் என்று முன்கூட்டியே பார்ப்போம். நாள் முழுக்க எதையாவது நசுக்கி, முறுக்கி, கிழித்துச் சோறு தின்கிற குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் அண்ணனின் கையை மெதுவாக விலக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். திரையில் கொக்கி முழுவதும் நீலமாக இருந்தது. நீலம் என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் கிழியும். அது அண்ணனுக்கும் தெரியும்.

"அப்போ அந்த ஆளு கொக்கிய ஒழுங்கா மாட்டல" என்றான் அண்ணன். அவன் முகமே மாறிவிட்டது. "மில்லுலயும் அப்படித்தான் பேசிக்கிடுதாவ. குடிச்சிட்டு நின்னிருக்கான்."

தாடையைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்ததால் அந்த ஆளால் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. எனக்கும் அப்போது வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. அண்ணனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வாசலைப் பெருக்கப் போனபோது சுவரோரம் ஒரு சாக்கு கிடந்தது. அண்ணன் முந்தின நாள் போட்டுவிட்டுப் போனது. காலில் இடித்துத் தொலைத்ததே என்று எரிச்சலோடு பிரித்துப் பார்த்தால், உள்ளே அந்தக் கொக்கி. வளைவு விரிந்து, கழுத்தில் பாதிக்குமேல் கிழிந்து, வாய் பிளந்திருந்தது. பின்னில் மாட்டாத கொக்கி நழுவும், இப்படி விரியாது. முழுப் பலத்தையும் வாங்கிய கொக்கிதான் விரியும். அந்த ஆள் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார். விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தேன்.

என் வீட்டுக்காரர் வேலையில் மகா சுத்தம். சாப்பிடும்போதுகூடக் கறிவேப்பிலையை ஒரே வரிசையாக ஒதுக்கி வைக்கிற மனுஷர். மெஷ்ஷிலும் அப்படித்தான். கட்டங்களின் மூலைப் புள்ளிகளை நோடு என்போம். கொக்கியும் பின்னும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில், கொக்கியின் ஒவ்வொரு நோடும் பின்னின் ஒவ்வொரு நோடுக்கும் நேர் எதிரே வரும்படி பொருத்தியிருந்தார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். நோடுகள் ஏறுக்கு மாறாக இருந்தாலும் மென்பொருள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். பொருத்தினால் பலம் ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது துல்லியமாகத் தெரியும். பார்க்கவே அழகாக இருந்தது.

அந்த அழகுதான் கெடுத்தது. எல்லாம் முடிந்த பிறகு, ஒரே இடத்தில் தப்பித் தவறி இரண்டு முறை விழுந்த நோடுகளைத் தேடிப் பிடித்து ஒன்றாக்கிவிடும் கட்டளை ஒன்று உண்டு. அது வீட்டைப் பெருக்குவது மாதிரி. அவர் அதைச் செய்யாமல் எழுந்திருக்கவே மாட்டார். மென்பொருளுக்கு என்ன தெரியும்? கொக்கியின் நோடும் பின்னின் நோடும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்ததும், இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இரண்டு துணிகளை விளிம்பு பார்த்துச் சேர்த்து வைத்தவர், ஞாபகமில்லாமல் தைத்தும் விட்டார். திரையில் இருந்தது ஒரே இரும்புக் கட்டி. பின்னோடு ஒட்டிப்போன கொக்கி எப்படி விரியும்? நீலமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? நோடுகளைக் கன்னாபின்னாவென்று விட்டிருந்தால் இந்தத் தப்பே வந்திருக்காது.

நான் இரண்டையும் பிரித்து, தொட்டால் தள்ளும், இழுத்தால் விலகும் என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்து மறுபடி ஓட்டினேன். கொக்கியின் கழுத்து சிவந்தது. சாக்கில் கிடந்தது எப்படி விரிந்திருந்ததோ அப்படியே திரையிலும் விரிந்தது.

அவர் காய்கறிப் பையோடு வந்து என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். நான் மவுஸைச் சுவரில் எறிந்தேன். பிறகு கையில் கிடைத்த தண்ணீர்ச் சொம்பை எறிந்தேன். அது அவர் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இன்னொரு பிரஸ் இருக்கு" என்றார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல. இதே கொக்கி. இன்னைக்கும் ஓடுது."

ஒரு ஆள் இந்த நிமிஷம் அந்தக் கதவுக்கு எதிரே நிற்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே அந்த மில்லுக்குப் போன் போட்டேன். சூப்பர்வைசர் மசியவில்லை. "லோடு ஏத்துற நேரம்மா. மெஷின் செஞ்சவரு நிறுத்தச் சொல்லட்டும், நிறுத்துதோம்" என்று வைத்துவிட்டார். அண்ணன் போனை எடுக்கவே இல்லை. இரண்டு பேரும் பைக்கில் பட்டறைக்குப் போனோம்.

அண்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாங்கள் சொன்னதைக் கேட்டான். சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகத்தான் இருந்தான்.

"நிறுத்தச் சொன்னா என்ன அர்த்தம்? தப்பு எம்மேலன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி. நாலு நாள் போகட்டும். பொறவு சத்தமில்லாம கொக்கிய மாத்திக் குடுத்துருதேன்."

"நாலு நாளைக்குள்ள அங்க நிக்கிறவன் செத்துட்டா?"

"அம்புட்டு லேசுல ஒண்ணும் சாவ மாட்டான். போடி வீட்டுக்கு!"

"கொலைகாரா" என்றேன். வாய்க்கு வந்தது அதுதான். அண்ணன் பளாரென்று அறைந்தான். காதுக்குள் ஙொய்ங் என்று சத்தம். நான் விடவில்லை. மேஜையில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அவன் முழங்கையில் போட்டேன். அவன் என் கொண்டையைப் பிடித்தான். பட்டறை ஆட்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இதுவரை யாரையும் ஏலே என்றுகூட அழைத்திராத என் வீட்டுக்காரர் அண்ணனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அண்ணன் தகடு அடுக்கின் மேல் விழுந்தான். எழுந்த வேகத்தில் இவர் மூக்கில் ஒரு குத்து விட்டான். ஏற்கெனவே கிழிந்த உதட்டின் மேல் மூக்கு ரத்தமும் சேர்ந்துகொண்டது.

"மச்சான், நீங்க வராட்டியும் நான் போறேன்" என்றார் இவர். "அந்தக் கதவு முன்னால நானே போய் நிக்கேன்."

பைக்கைத் திருப்பினோம். அண்ணன் எங்களை நிறுத்தத்தான் பின்னாலேயே தன் வண்டியில் வந்தான். வழியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கினால், ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பேர் உள்ள குன்றுக்குப் பெருமாளைச் சேவிக்கப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. நான் பின்னால் உட்கார்ந்தபடி வழி விடச் சொல்லிக் கத்தினேன். நெற்றியில் நாமம் போட்ட ஒரு பெரியவர், "என்னத்தா, ஆஸ்பத்திரிக்கா?" என்று இவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கையை விரித்துக் கூட்டத்தை ஒதுக்கினார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மில்லின் பஞ்சுக் கிட்டங்கி முழுக்கத் தூசி பறந்தது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊரான சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர் லீவரைப் பிடித்து நின்றார். அவர் முகத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை, உதறினார். ரத்த முகத்தோடு எவனோ வந்து கட்டிப்பிடித்தால் யார்தான் உதற மாட்டார்கள்? சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஓடி வந்தார். அதற்குள் அண்ணனும் வந்து சேர்ந்தான்.

"நீங்க சொல்லுங்க. ஓட்டலாமா, கூடாதா?" என்று சூப்பர்வைசர் அவனைக் கேட்டார்.

அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "தாராளமா ஓட்டுங்க. இவிய படிச்சவிய, எதையாவது பார்த்துப் பயந்துக்கிடுவாவ."

எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று கதவு முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "அப்போ நீ நில்லு அண்ணே. நீ நின்னு ஓட்டு, பாப்போம்."

இத்தனை பேருக்கு முன்னால் அவனால் பின்வாங்க முடியவில்லை. "தள்ளுலே" என்று சுந்தரபாண்டியத்துக்காரரை விலக்கிவிட்டு லீவரைப் பிடித்தான். ரோஷத்தில் செய்கிறான் என்று தெரிந்தது. இழுத்து வந்து நிறுத்தியவளே நான்தான். வேண்டாம் என்று கத்தலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அவன் லீவரை அமுக்கிவிட்டான்.

பம்ப் உறுமியது. தட்டு இறங்கியது. அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஏறியது. கொக்கியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, விரலைச் சொடுக்கினால் கேட்கும் அளவுதான். கொக்கியின் கழுத்தில் பச்சைப் பெயின்ட் செதிலாக உதிர்ந்தது.

அண்ணன் லீவரை விட்டுவிட்டு ஒரே தாவலில் பக்கத்தில் பாய்ந்தான். லீவர் தானாக நடுவுக்கு வந்தது. பம்ப்பின் உறுமல் அடங்கி, தட்டு நின்றது. கதவு உடையவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் பாய்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சூப்பர்வைசர் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார்.

சுந்தரபாண்டியத்துக்காரர் முகத்துத் துண்டை அவிழ்த்தார்.

"நீங்க துள்ளி ஓடுன எடத்துலதான மொதலாளி நான் தெனம் நிக்கேன்? என் மூஞ்சின்னா பரவால்லையா?"

அவர் ஓங்கி ஒன்று விட்டார். அண்ணன் பஞ்சுக் குவியலில் சாய்ந்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று விட்டார். யாரும் தடுக்கவில்லை. கூடப் பிறந்தவள், நானும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் அவர் முன்னால் போய் நின்றார். "கணக்கைத் தப்பாப் போட்டது நான்தான். கொக்கி தாங்கும்னு சொன்னது நான். என்னையும் அடிங்க."

அவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கு வீங்கி, உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாக நின்ற இந்த ஆளை இனி எங்கே அடிப்பது என்று யோசித்தாரோ என்னவோ. கையை இறக்கினார்.

"எனக்கு ஒண்ணும் ஆவல சார். ராஜபாளையத்துல ஒருத்தன் கெடக்கானாமே, குடிச்சிட்டு நின்னாம்னு ஊரே சொல்லுது. அவன்ட்டப் போய்ச் சொல்லுங்க. அவன்ட்ட வாங்கிக்கிடுங்க. அவனுக்கு வாய்தான் ஒடஞ்சிருக்கு, கை நல்லாத்தான் இருக்கு."

அண்ணனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். அங்கிருந்து மூன்று பேரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.