மூன்று ஊமைக் கட்டைகள்

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் தூத்துக்குடியில் எங்கள் வேதக்கோயிலில் பியானோ வாசித்த முதல் பெண்பிள்ளை நான்தான். நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் இதை வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

உலகச் சண்டை நடந்த காலத்தில் ஒரு பஞ்சுக் கம்பெனி துரையின் பங்களாவில் வேலை பார்த்தேன். கடலைப் பார்த்த வீடு. எத்தனை தடவை துடைத்தாலும் சாமான்களெல்லாம் உப்பில் பிசுபிசுக்கும். கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. துணியை வைத்துத் துடைத்தால் ஒவ்வொரு கட்டையும் சத்தம் கொடுக்கும். ஒருநாள் அப்படித் துடைக்கையில் கோயிலில் பாடுகிற கீர்த்தனையின் முதல் அடி பாதி வந்துவிட்டது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மீதியைத் தேட ஆரம்பித்தேன். துரைசாணி பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்ததும் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ தமக்குத் தெரிந்த தமிழில், "வேலை முடி. பிறகு வாசி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் வாசித்தேன். ஒற்றை விரலில் ஆரம்பித்தது, பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது. எல்லாம் காதால் பிடித்ததுதான். நடுவில் மட்டும் அடுத்தடுத்து மூன்று கட்டைகள் ஊமை. உப்புக்காற்று செய்த வேலை. மெட்ராசிலிருந்து ஆள் வந்து சரிபார்க்க வேண்டும்; சண்டைக் காலத்தில் யார் வருவார்? பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது மூன்றில் கைக்கு வாகான ஒன்றை அமுக்கிவிட்டு, சத்தத்தை வாயால் பாடிக்கொள்வேன். எதை அமுக்கினால் என்ன, எல்லாம் ஊமைதானே.

சண்டை முடிந்த சமயம், கோயிலில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த பாங்கு குமாஸ்தாவுக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. நான் வாசிக்கிறேன் என்று ஐயரம்மாவிடம் போய்ச் சொன்னேன். பாதிரியாருடைய சம்சாரத்தை அப்படித்தான் கூப்பிடுவோம். கோயில் கமிட்டிக்குப் பெரியவரான பலசரக்குக் கடை அண்ணாச்சியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, உனக்கு மியூசிக் நோட்டு வாசிக்கத் தெரியுமா?"

"தமிழே தட்டுத்தடுமாறித்தான் வாசிப்பேன் அண்ணாச்சி. பாட்டு காதுல இருக்கு."

"பங்களாவுல பீரோ தொடைக்கவ கோயில்ல பியானோ வாசிச்சா நல்லாருக்குமாம்மா?" என்று ஐயரம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க உளுந்து நிறுத்துத கையாலதான காணிக்கைத் தட்டு ஏந்துதீய?" என்றேன். ஐயரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தார்கள். சரியாக வராவிட்டால் பக்கத்து நாசரேத் ஊரிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைப்பார்கள், பிறகு நான் அந்தப் பக்கமே போக முடியாது. முன்னதாக ஒரு தடவை பழகிப் பார் என்று ஐயரம்மா சாவியைக் கொடுக்க வந்தார். "எனக்கு எதுக்கும்மா?" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு திமிர்.

ஞாயிறு வந்தது. கோயில் பியானோவில் எல்லாக் கட்டையும் பேசும். முதல் அடி தேன் போல வந்தது. இரண்டாம் அடியில் ஊமைக் கட்டையின் இடம். கை பழக்கத்தில் ஒன்றை அமுக்கினேன். கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி அபஸ்வரமாக அலறியது. பாய்களில் இருந்த பெண்கள் தலை தூக்கினார்கள். அண்ணாச்சி பாடுவதையே நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாகத் தப்பான கட்டையை அமுக்கி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. ஊமையானபடியால் அது என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சரியான கட்டை எது என்று தேட நேரம் இல்லை. அடுத்த சரணத்தில் அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்கிக்கொண்டு, பங்களாவில் பாடினது போலத் தொண்டையைத் திறந்து பாடிவிட்டேன். பியானோ அங்கே நிற்பதுதான் முறை என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. மூன்றாம் சரணத்தில் அவர்களும் சேர்ந்து அந்த இடத்தைத் தூக்கினார்கள். நான்காவதில் ஆண்களும்.

ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா வந்தார். "அங்கன நிறுத்துன பாரு, நாங்க பாடுதது எங்களுக்கே கேட்டுதுளா."

அண்ணாச்சி விடவில்லை. "மொதல்ல என்னமோ அலறுச்சே?"

"அலற வச்சது நான்தான் அண்ணாச்சி. அடுத்த ஞாயிறு அலறாது. அம்மா, சாவியத் தாங்க."

ஐயரம்மா சாவியை என் கையில் வைத்ததும் அண்ணாச்சி வாசலுக்கு நடந்தார். "நாசரேத்து மாஸ்டருக்கு எழுதுன காயிதம் இன்னும் கடையிலதான் கெடக்கு. சீரகம் மடிக்க ஆவும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

எல்லாரும் போனபின் தனியாக உட்கார்ந்து, பங்களாவில் ஊமையாயிருந்த அந்த மூன்றையும் இங்கே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். நடுவில் இருந்ததுதான் சரி. அதையே ஏழெட்டுத் தடவை அமுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.