புறா ஆர்க்கிட்டும் புதன்கிழமை மழையும்

1. ஒரு நாள் முந்தியது

பூக்கண்காட்சி சனிக்கிழமை. எங்கள் நர்சரியின் நாற்பது சட்டிப் புறா ஆர்க்கிட்டும் வெள்ளிக்கிழமை காலையிலேயே பூத்துவிட்டன.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் இதில் என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். ரோஜாவாக இருந்தால் நஷ்டம் இல்லை. புறா ஆர்க்கிட்டுக்கு ஆயுள் ஒரு பகல். விடியும்போது விரியும். பக்கவாட்டில் பார்த்தால் இறக்கை விரித்த சிறிய வெள்ளைப் புறா. மலாய்க்காரர்களும் அதைப் புறா என்றுதான் சொல்கிறார்கள். பத்து மணிக்குள் வாசனை தெருவரை வந்துவிடும். பொழுது சாய்ந்தால் கூம்பும். மறுநாள் காலையில் நனைந்த காகிதம் மாதிரி தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எனக்கு இப்போது இருபத்து நான்கு வயது. அனுபவக் குறிப்பு எழுதுகிற வயது இல்லை என்று என் அண்ணன் சிரிக்கிறான். தப்புச் செய்வதற்கு வயது வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன். நர்சரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதே தப்பைச் செய்யாமல் வேறு தப்புகளைச் செய்யட்டும்.

2. வேலை இல்லாத ஆள்

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்தில், டிராம் போய் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் நர்சரி. முதலாளி சிக்கந்தர், தமிழ் முஸ்லிம் வியாபாரி. அவருடைய சரக்கு மருந்துச் செடி. நொச்சி, ஆடாதொடை, தூதுவளை, கற்பூரவல்லி, துளசி எல்லாம் சட்டியிலும் கிடைக்கும், காய்ந்த தழையாகவும் கிடைக்கும். இருமல், சளி, மூட்டுவலி என்று டவுனிலிருந்து தமிழரும் சீனரும் வருவார்கள். நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு அங்கே கிராணியாக, அதாவது எழுத்து வேலைக்காரனாக, சேர்ந்தேன். கடிதம் எழுதுவது, சட்டிக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது, வெள்ளைக்காரர் வந்தால் இங்கிலீஷ் பேசுவது. காலை பத்து மணிக்கு மேல் எனக்கு வேலை இருக்காது.

நர்சரியின் பின்புறம் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு பழைய கொட்டகை இருந்தது. நிலத்தை முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போன ஆர்க்கிட்டுகள் அதில் தொங்கின. முதலாளி அந்தப் பக்கம் போகவே மாட்டார். வேலை இல்லாத நான் போனேன். இரண்டே மாதத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது.

கொட்டகைக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர் லெட்சுமியக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். பத்து வருஷமாக அங்கே வேலை. தண்ணீர், எரு, பதியன், தழை காயவைப்பது எல்லாம் அவர் கையில்தான். வாய் மட்டும் யார் கையிலும் இல்லை.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, காலை வெப்பம், மத்தியான வெப்பம், மழை, பூத்தது, பூக்காதது. தெர்மாமீட்டரைக் கொட்டகைத் தூணில் கட்டினேன். ஒரு வருஷம் எழுதிய பிறகு புறா ஆர்க்கிட்டின் ரகசியம் தானாக வெளியே வந்தது. பெரிய மழை பெய்து வெப்பம் சட்டென்று இறங்கினால், அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்கிறது. எங்கள் கொட்டகையில் மட்டுமல்ல, மழை பட்ட இடமெல்லாம், ரோட்டோர மரங்களில் தானாக ஒட்டிக்கொண்டிருப்பதும் கூட.

லெட்சுமியக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மழ பெஞ்சு ஒரு வாரம் பத்து நாள்ல பூக்கும்னு எங்களுக்கெல்லாம் தெரியுமே. ஆனா நாள எண்ணிப் பாத்த மொத ஆளு நீங்கதான் கிராணி. வேல இல்லாத ஆளு செய்யிற வேலதான்."

நான் அதோடு நிற்கவில்லை. பூவாளியால் தினமும் தண்ணீர் ஊற்றியும் பூக்காத செடி, மழைக்கு மட்டும் ஏன் பூக்கிறது? அப்படியென்றால் காரணம் தண்ணீர் அல்ல, குளிர். குளிரைத்தான் இப்போது கட்டியாக விற்கிறார்களே. ஒரு துண்டு ஐஸ் வாங்கிவந்து மூன்று சட்டிகளைத் துத்தநாகத் தொட்டியில் வைத்து, சுற்றிலும் ஐஸ் போட்டு, ஈரச் சாக்கால் மூடி வைத்தேன். ஒன்பதாம் நாள் அந்த மூன்று சட்டியும் பூத்தன. ஆயர் ஈத்தாமில் வேறெங்கும் ஒரு பூ இல்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி கொட்டகையைப் பிரிக்க முடிவு செய்திருந்தார். நொச்சி வைக்க இடம் போதவில்லை.

"இந்தப் பூவ வச்சு என்னா செய்யிறது? கசாயம் போடலாமா? இருமல் போகுமா?"

"பாக்கலாம் முதலாளி."

"பாத்தா இருமல் போகுமான்னு கேட்டேன்."

நான் மூன்று சட்டிகளைக் காட்டினேன். கண்காட்சி மேசையில் நாற்பது சட்டியை ஒரே காலையில் பூக்க வைக்கிறேன் என்றேன். அவர் அந்தப் பூக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. பேரு குடுத்துட்டு வா. சனிக்கிழமை நம்ம மேசை முன்னால சனம் நின்னு பாத்தா கொட்டகை நிக்கும். இல்லேன்னா திங்கக்கிழமை பிரிச்சுருவேன். அப்பறம் எங்கிட்ட வந்து மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கக்கூடாது."

3. ஐஸ்

கணக்கு எளிது. சனிக்கிழமை பூக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை குளிர் கொடுக்க வேண்டும். புதன்கிழமை காலை முதல் டிராமில் டவுனுக்குப் போனேன். கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தேன். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கிடங்குக்குப் போய் மறுநாளுக்கு மாட்டுவண்டி பேசினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வேலை முடிய மாலையாகிவிட்டது. என் வீடு டவுனிலேயே இருப்பதால் நர்சரிக்குத் திரும்பவில்லை. வீட்டில் உட்கார்ந்து நோட்டில் அன்றைய வரியை எழுதினேன். மழை: இல்லை.

வியாழக்கிழமை காலை நான் வண்டியோடு போய் இறங்கியபோது முதலாளி லெட்சுமியக்காவைத் திட்டிக்கொண்டிருந்தார். காயவைத்த நொச்சித் தழை அத்தனையும் நனைந்து கிடந்தது.

"ஒரு தட்டுகூட மிச்சமில்ல. அள்ளி உள்ள வைக்க மாட்டியா?"

"எனக்கு ரெண்டு கைதான் மொதலாளி. ஆடாதொடைய அள்ளுறதுக்குள்ள இது போச்சு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது. தழை ஏன் நனைந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. என் ஐஸ் மரத்தூளுக்குள் உருகிக்கொண்டிருந்தது.

கொட்டகையைச் சுற்றிச் சாக்குத் திரை கட்டினோம். சட்டிகளுக்கு நடுவே ஐஸ் கட்டிகளை உடைத்துப் பரப்பினோம். லெட்சுமியக்கா விரல்களை ஊதிக்கொண்டே வேலை செய்தார்.

"செடிக்கு ஐஸு வச்சாச்சு. சர்பத்து எப்ப ஊத்தப்போறீங்க?"

"சிரிங்க அக்கா. அடுத்த சனிக்கிழமை பாருங்க."

"நான் எங்க பாக்கறது? கண்காட்சிக்கு உங்களத்தான் கூட்டிட்டுப் போவாரு. எனக்கு நொச்சி இருக்கு."

தெர்மாமீட்டர் பன்னிரண்டு டிகிரி இறங்கியது. நோட்டில் அதை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை லெட்சுமியக்கா கூப்பிட்டார். "கிராணி, மொட்டு கொஞ்சம் அவசரப்படுற மாதிரி இருக்கே?" அடிக்குச்சியால் அளந்து பார்த்தேன். போன தடவையைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. ஐஸ் அதிகம் போட்டதால் ஊட்டமாக வந்திருக்கிறது என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். நான் சொல்லும் விளக்கங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

4. கேட்கவில்லை, சொல்லவில்லை

வெள்ளிக்கிழமை காலை டிராமில் வரும்போதே வாசனை அடித்தது. ரோட்டோரத்து மரங்களின் கிளையெல்லாம் வெள்ளை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அந்த மரங்களுக்கு யாரும் ஐஸ் வைக்கவில்லை.

கொட்டகை வாசலில் லெட்சுமியக்கா பூவாளியோடு நின்றார். உள்ளே நாற்பது சட்டியும் பூத்துக் குலுங்கின.

"உங்க ஐஸு ஒரு நாள் முன்னாடியே வேல செஞ்சுருச்சு" என்றார்.

"அக்கா, போன வாரம் புதன்கிழமை இங்க மழ பெஞ்சுச்சா?"

"பெஞ்சுச்சாவா? மத்தியானம் அர மணி நேரம் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. மலையே தெரியல. நொச்சி நனைஞ்சதுக்கு மொதலாளி என்னத் திட்டுனப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"மழைன்னு எங்கிட்டச் சொல்லலியே அக்கா?"

"நீங்க கேக்கலியே. நீங்கதான் நோட்டுல எழுதுறவரு. உங்களுக்குத் தெரியாத மழையா?"

நோட்டைத் திறந்து பார்த்தேன். மழை: இல்லை. என் கையெழுத்து அழகாகவே இருந்தது. பினாங்கில் டவுனில் வெயில் அடிக்கும்போது மலையடியில் மழை கொட்டும் என்பது டிராம் ஓட்டுகிறவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை.

புதன்கிழமை மழையே செடிகளைத் தட்டி எழுப்பிவிட்டது. வியாழக்கிழமை நான் வைத்த ஐஸ் எழுந்து உட்கார்ந்தவனைத் திரும்ப எழுப்பிய கதை.

முதலாளி வரும்வரை ஒரு பொய் தயாராக இருந்தது. ஐஸ்காரன் மட்டமான ஐஸ் கொடுத்துவிட்டான் என்று சொல்லலாம். ஆனால் அவர் வரும் வழியிலும் மரங்கள் பூத்திருந்தன. உள்ளதைச் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி அந்த வரியைப் படித்தார்.

"வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு வானத்த எழுதியிருக்க. இதுக்கா நீ படிச்ச?"

நோட்டை மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு எத வைக்கப்போற மேசையில?"

"இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்கிப் பூவ வாடாமப் பாக்கட்டுமா முதலாளி?"

"பாரு."

பார்த்தேன். நான்கு சட்டிகளை மறுபடியும் குளிரில் வைத்தேன். மத்தியானத்துக்குள் இதழ்கள் கண்ணாடி மாதிரி ஆகிப் பழுப்பேறின. மற்ற முப்பத்தாறைத் தொடவில்லை.

அன்றைக்கு வாராவாரம் ஆடாதொடை வாங்க வரும் நோன்யா, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சீனத்து அம்மாள், ரிக்ஷாவில் வந்து இறங்கினார். வாசனை பிடித்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. பிறகு ரிக்ஷாக்காரரை அனுப்பித் தன் மருமகளையும் அழைத்துவரச் செய்தார். முதலாளி அவருக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போனார். போனவர் அங்கேயே தூணில் சாய்ந்து நின்றுவிட்டார். அந்தக் கொட்டகையில் முதலாளி அத்தனை நேரம் நின்று நான் பார்த்ததில்லை. வெளியே வந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கு இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

5. பலகை

சனிக்கிழமை மேசையில் நாற்பது சட்டியை அடுக்கினோம். பெயர் கொடுத்தாகிவிட்டது, வெறும் மேசை வைக்கக்கூடாது என்றார் முதலாளி. பரிசுக்குப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் வாடிய பூவைச் சுண்டுவிரலால் தொட்டு, "நேற்றா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "ஆமாம் ஐயா, நேற்று" என்றேன். அவர் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார். வேறு யாரும் நிற்கவில்லை.

முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. திங்கட்கிழமை கொட்டகையைப் பிரித்தார்கள். அத்தாப்பு இறங்கியபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அந்த இடத்தில் இப்போது நொச்சி நிற்கிறது, நன்றாகவே வளர்கிறது.

சட்டிகளை என்ன செய்வது என்று முதலாளி சொல்லவில்லை. லெட்சுமியக்கா செடிகளைச் சட்டியிலிருந்து உருவி, தேங்காய்ப் பொச்சு வைத்து, ரோட்டோர வேலி மரங்களில் கயிற்றால் கட்ட ஆரம்பித்தார். "மரத்துல இருந்து வந்தது மரத்துலயே கெடக்கட்டும். மொதலாளிக்கு எடமும் வேணாம், எனக்குத் தண்ணி தூக்குற வேலயும் மிச்சம். நிக்காதீங்க, கயிறப் பிடிங்க" என்றார். நாற்பதையும் கட்டினோம்.

நோட்டை நான் நிறுத்தவில்லை. ஆனால் மழைக் கட்டத்தை நான் நிரப்புவதில்லை. லெட்சுமியக்காவுக்கு எழுதத் தெரியாது. பெரிய மழை பெய்தால் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துத் தூணில் அரிவாளால் ஒரு வெட்டுப் போடுவார். தினமும் காலையில் வந்ததும் நான் முதலில் தூணைப் பார்ப்பேன். புதிய வெட்டு இருந்தால் அவரிடம் கேட்பேன்: என்றைக்கு, எந்த நேரம், எவ்வளவு நேரம். அவர் சொன்னதை எழுதுவேன். "நல்லா எழுதிக்குங்க, அப்பறம் இல்லைன்னு எழுதிறாதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் தவறாமல் சொல்வார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெட்டு விழுந்தது. எட்டாம் நாள் காலையில் ஒரு பலகையில் தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும் எழுதி, நோன்யா வீட்டு மருமகளிடம் கேட்டுச் சீனத்திலும் ஒரு வரி சேர்த்து, டிராம் வந்து நிற்கும் இடத்தில் வைத்தேன். முதலாளியிடம் முன்னதாகக் கேட்கவில்லை. அவர் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பூக்கலேன்னா?" என்றார். "பூக்கும் முதலாளி, அக்கா நனைஞ்சிருக்காங்க" என்றேன்.

மறுநாள் காலை டிராமிலிருந்து இறங்கியவர்கள் வேலி நெடுக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். லெட்சுமியக்கா தழைத் தட்டை வைத்துவிட்டு வந்து நடுவில் நின்றார்.

முதலாளி வாசலிலிருந்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். "கிராணி, அடுத்த மழைக்கும் அந்தப் பலகைய வை" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நீங்கள் இல்லாத நாளின் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மறுநாள் போய், அங்கே நனைந்தவரிடம் கேட்டு நிரப்புங்கள். பலகையில் எழுதும் வரி இன்றும் மாறவில்லை: நாளைக் காலை பூக்கும். மாலையில் இருக்காது.