ப்ரோசசரில் பிழை இருக்கவில்லை

சூடான பிளாஸ்டிக் மணம்... அதோடு ஜன்னலால் வருகிற உப்புக்காற்று. துறைமுகத்தைப் பார்த்த அந்தச் சின்ன அறையை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

ஆறு வருடம் இருக்கும். துறைமுகத்தில் கிளார்க் வேலை கிடைத்த புதிது. பகல் முழுக்கக் கப்பல் கடதாசிகள். பின்னேரம் வீட்டுக்கு வந்து சாரத்துக்கு மாறினால் கேம்தான். நாலு பேர் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கிச் சண்டை. என் பழைய கம்ப்யூட்டருக்கு அதில் மூச்சு வாங்கியது. ப்ரோசசரை மாற்றுவோம் என்று முடிவெடுத்தேன்.

கிண்ணியாவில் இருந்த என் கூட்டாளி கம்ப்யூட்டர் திருத்துகிறவன். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, அதுதான் அவன் கடை. அந்த மேசையை நம்பித்தான் அவனுக்குக் கல்யாணமும் பேசியிருந்தார்கள். அவனிடம் பாவித்த ப்ரோசசர் ஒன்று இருந்தது.

"மச்சான், நானே ஒரு கிழமை போட்டுப் பாத்த சாமான். ஒரு பிழையுமில்ல. வெள்ளிக்கிழம வந்து பூட்டித் தாறேன்."

வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குப் பொறுமை ஏது? சாமானை வாங்கி வந்து, யூடியூப் பார்த்து நானே பூட்டினேன். ப்ரோசசரின் சூட்டை இழுத்து வெளியே விட, கொழும்பிலிருந்து கூரியரில் வந்த புதுக் கூலர். அதன் அடியில், ப்ரோசசரோடு ஒட்டுகிற செப்புப் பக்கத்தில், மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் சீன எழுத்தில் ஏதோ போட்டிருந்தது.

கடற்கரை வீட்டுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதிலும் பிளாஸ்டிக்கை உரிக்க மாட்டோம். ஃப்ரிட்ஜ் கதவு, டீவி விளிம்பு, ரிமோட், கதிரை... எல்லாம் தாளோடுதான். உரித்தால் உப்புக்காற்று தின்றுவிடும். செப்பும் பச்சை பிடிக்குமே என்று அந்தத் தாளைக் கவனமாக அப்படியே விட்டு, அதன் மேல் சூடு கடத்துகிற பேஸ்டைப் பூசிப் பூட்டினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிய கேம் பிறகு திக்கத் தொடங்கியது. ஓடுகிற ஆள் நின்று நின்று ஓடினான். சுடப்போகிற நேரம் படம் உறையும். திரும்ப அசையும்போது நான் செத்துக் கிடப்பேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. டிரைவர்களை அழித்துத் திரும்பப் போட்டேன். ராமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்தேன். செட்டிங்கை எல்லாம் அடிமட்டத்துக்கு இறக்கினேன். விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டி நின்றதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, பழுதான ப்ரோசசர்தான் இப்படிச் சுடும் என்று தீர்ப்பும் எழுதினேன்.

கூப்பிட்டதும் கூட்டாளி வந்தான். கேமை ஓடவிட்டு, கூலரில் விரல் வைத்துப் பார்த்தான்.

"மச்சான், இதக் கழட்டிப் பாப்பம்."

"நான் வடிவாத்தான் பூட்டினனான். உன்ர சாமான்தான் பழுது."

"ஒருக்காக் கழட்டினா என்ன? அஞ்சு நிமிசம்."

"கை வைக்காத. பழுதெண்டு தெரிஞ்சுதானே என்ர தலையில கட்டினனீ?"

அவன் எழும்பிப் போனான். அம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது.

அவன் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியிருக்க மாட்டான், அதற்குள் நான் இந்த ஃபேஸ்புக் குரூப்பில் எழுதிவிட்டேன். பழுதான சாமானை ஏமாற்றி விற்கிறான், கவனம் என்று. பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் போட்டு.

கமெண்ட் குவிந்தது. ஒருவர் எழுதினார், "அவங்கள நம்பி வாங்கினா இப்பிடித்தான்." எந்த 'அவங்கள்' என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. டியூஷனில் என்னோடு ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் அவன். அவன் வீட்டு நோன்புப் பெருநாள் சாப்பாட்டை ஒரு வருடமும் நான் தவறவிட்டதில்லை. ஆனாலும் அந்தக் கமெண்டுக்கு லைக் போட்டேன். நினைக்கும்போது இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

இரண்டு மாதம் கழித்துத் தூசி தட்டக் கூலரைக் கழற்றினேன். தாள் சுருங்கிப்போய் ஒட்டிக்கிடந்தது. சூடு கூலருக்கு ஏறவிடாமல் மறித்தது அந்தத் தாள்தான் என்று அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. உரித்து, பேஸ்ட் பூசி, திரும்பப் பூட்டினேன். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அந்த நேரமாவது எழுதியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. சத்தமில்லாமல் பழைய பதிவை அழித்தேன், எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவனிடம் திருத்தக் கொடுத்தவர்கள் மெஷின்களைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். பேசின கல்யாணம் தள்ளிப்போனது. அவன் கட்டாருக்கு டிரைவராகப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் டவுனில், மீன் சந்தை வாசலில் அவனைக் கண்டேன். விடுமுறையில் வந்திருக்கிறான். மறித்து, தாள் கதை முழுவதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றான். "உள்ளுக்க அவ்வளவு சூடு, கூலர் பச்சத்தண்ணி மாதிரி இருந்திச்சு. நடுவுல என்னமோ இரிக்கி எண்டுதான் கழட்டச் சொன்னேன்."

"பிறகேன் நீ குரூப்பில எழுதேல்ல?"

"எழுதினா யாரு நம்புவா? நீங்களே நம்பல்லயே."

மச்சான் என்று கூப்பிட்டவன், இப்போது 'நீங்க' என்கிறான். நான் குரூப்பில் எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன். அவன் மீன் பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"எழுதுங்க. ஆனா என்ட பேரப் போடாதீங்க. இப்பதான் ஆக்கள் மறந்திருக்காங்க."

இப்போது என்னிடம் நல்ல கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்தக் கேமும் திக்குவதில்லை. அந்த நாளில் கேம் திக்கினாலும், ஒரு போன் அடித்தால் பாலம் தாண்டி வர ஆள் இருந்தான்.

அன்றைக்குப் பெயரோடு பொய்யை எழுதினேன். இன்றைக்கு உண்மையை எழுதும்போது அந்தப் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லை.

யார் என்று கீழே கேட்காதீர்கள். அன்றைக்குக் கமெண்ட் போட்டவர்கள் எல்லோரும் இந்தக் குரூப்பில்தான் இன்னும் இருக்கிறீர்கள்... உங்களுக்குத் தெரியும்.