ஒன்பது நாள் கழற்றாத காலுறை

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த முதல் நாள் அந்த அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. செருப்பை வெளியே விட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். போர்வையை விலக்கி, அப்பாவின் குதிகால்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் "வணக்கம் ஐயா" என்றார்.

"எல்லாரும் மூஞ்சியப் பாத்து வணக்கம் சொல்லுவாங்க. நீ என்னம்மா, காலுக்கு சொல்றே?" என்றார் அப்பா.

"மூஞ்சி வலிச்சா நீங்களே கத்திருவீங்க ஐயா. இது கத்தாது."

அன்றைக்கே அப்பா அவருக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டார். அப்பா இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, முன்னறைக் கட்டிலில் கிடந்தார். சர்க்கரை வியாதி பழையது. பாதத்தில் எறும்பு கடித்தாலும் அவருக்குத் தெரியாது. அம்மா இல்லாத வீடு. நானும் அவரும்தான்.

அக்கா முன்பு ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாராம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வந்து பதினாறு வருஷம். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து, நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு கண் கட்டில்மேல் இருக்கும். அப்பாவின் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை நீளவாக்கில் கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி வைப்பார். பழைய செய்தித்தாள் ஒன்றைக் குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே விட்டு இழுப்பார். தாள் எங்கும் உரசாமல் வந்தால்தான் அடுத்த வேலை.

"முதுகுலயாச்சும் கொஞ்சம் சதை இருக்கு தம்பி. இங்க தோலு, உடனே எலும்பு. நடுவுல மாட்டிக்கிட்ட ரத்தம் எந்தப் பக்கம் ஓடும்? அசையாம ஒரே எடத்துல அழுந்திக் கெடந்தா உள்ளயே செத்துப்போவும். வெளிய தெரியறப்போ நேரம் தாண்டியிருக்கும்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர் சில சமயம் சட்டென்று ஈரக்கையோடு ஓடிவருவார்.

"கூப்டீங்களா?"

நாங்கள் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டோம். அவர் போர்வையைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தபடி அங்கேயே நிற்பார். நான் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அப்பா மட்டும், "வேற யாரோ கூப்பிட்டிருப்பாங்க, போய்ப் பாரு" என்று சிரிப்பார். அக்கா அதற்குச் சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. காலை பத்து மணி இருக்கும், அப்பா ஆரம்பித்தார்.

"தூக்குல போட்ட மாதிரி காலு அந்தரத்துல தொங்குதுடா. அந்தத் தலகாணிய எடு."

"அக்கா எடுக்கக் கூடாதுன்னு…"

"உனக்கு அப்பன் நானா, இன்ஸ்பெக்டரா?"

அப்பாவிடம் நான் எந்தப் பேச்சிலும் ஜெயித்தது கிடையாது. எடுத்துவிட்டேன். மதியம், கால் சில்லென்று இருக்கிறது என்றார். அலமாரியில் தேடித் தடிமனான காலுறைகளைப் போட்டுவிட்டேன். நன்றாகத் தூங்கினார். நல்ல பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அக்கா போர்வையை விலக்கியதும் கை அப்படியே நின்றது.

"இத யாரு போட்டது?"

"நான்தாங்க்கா."

"கழட்டுங்க. என்னால முடியாது."

கழற்றினேன். வலது குதிகாலின் பின்பக்கம், கட்டைவிரல் அளவுக்கு ஓர் இடம் சுற்றியிருந்த தோலைவிட அடர்ந்த நிறமாய்க் கிடந்தது. அக்கா புறங்கையை அங்கே வைத்தார், பிறகு மற்றக் காலில் வைத்தார். "சூடா இருக்கு. கெட்டியாவும் இருக்கு." விரலால் அழுத்தி எடுத்தார். நிறம் மாறவில்லை. வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பயமில்லை, மாறாமல் நின்றால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதை என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் செய்தேன். ஒரு துளி பாரமும் குதிகாலில் படக்கூடாது, தேய்க்கக்கூடாது, கொப்புளம் வந்தாலோ கறுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அப்பாவின் வாய் அன்றைக்குத்தான் முதல்முறையாக அடங்கியது. "காலு போயிருமாடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அக்கா பேசினார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டீச்சரம்மாவப் பாத்துக்கிட்டேன். அவங்க பொண்ணு தூரத்துலருந்து காலுறை அனுப்பிச்சிருந்துச்சு. குளிருக்கு நல்லதுன்னு நான்தான் போட்டேன். தெனம் முதுகத் தொடச்சேன், பொரட்டிப் படுக்க வச்சேன், பவுடர் போட்டேன். காலுறைய மட்டும் கழட்டல. ஒம்போது நாள். கழட்டறப்போ அது தோலோட வந்துச்சு தம்பி. உள்ள கறுப்பு. கால முட்டி வரைக்கும் எடுத்துட்டாங்க."

நான் குழாயை மூடப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"யாரும் என்னத் திட்டல. அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சு நன்றி சொல்லிச்சு, முதுகுல ஒரு கீறல் இல்லாம பாத்துக்கிட்டீங்கன்னு. டீச்சரம்மா அப்புறம் ரெண்டு மாசம் இருந்தாங்க. இல்லாத காலக் காட்டி, காலுறை இறுக்குது, கழட்டும்மான்னுவாங்க. நானும் வெறும் மெத்தையில கைய வச்சு, கழட்டற மாதிரி இழுப்பேன். அப்பாடான்னுவாங்க. பத்து நிமிஷத்துல மறுபடியும் கூப்பிடுவாங்க."

அதற்குப் பிறகு அவர் ஈரக்கையோடு ஓடிவரும்போது யார் கூப்பிட்டது என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

தினமும் குதிகாலுக்கு அடியில் தாள் ஓடியது. மூன்றாம் நாள் சூடு தணிந்தது, நிறம் அப்படியே நின்றது. ஐந்தாம் நாள் ஓரம் கொஞ்சம் மங்கியதுபோல் எனக்குப் பட்டது. என் ஆசைதானோ என்று வாயைத் திறக்கவில்லை. அப்பா தலையணையை எடுக்கச் சொல்லவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா விடுமுறை எடுக்காமல் வந்தார்.

புறங்கையை வைத்தார். விரலால் அழுத்தினார், எடுத்தார், மறுபடி அழுத்தினார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் காலைத் திருப்பினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"தம்பி, இங்க வாங்க. கறுப்பா இருக்கா?"

"இல்லக்கா. பக்கத்துத் தோலு மாதிரியேதான் இருக்கு."

"நீங்க அழுத்திப் பாருங்க."

அழுத்தினேன். வெளுத்தது. விரலை எடுத்ததும் மெதுவாக நிறம் திரும்பியது. "திரும்புதுக்கா."

"கை சரின்னுதான் சொல்லுது. கண்ணுதான்… எந்தக் குதிகாலப் பாத்தாலும் கறுப்பாவே தெரியுது தம்பி. பதினோரு வருஷமா."

அப்பா தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தார்.

அக்கா குதிகாலை ஏந்திய கையை எடுக்காமல், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.