மூத்திரப் பை தொங்கும் வீடுகள்

வீடு வீடாகப் போய் மூத்திரக் குழாய் மாற்றிவிடும் நர்ஸ் நான். குழாய் போடுவது எளிது, அதன் வழியாகக் கிருமி ஏறாமல் காப்பதுதான் பெரும்பாடு. படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

போர்வைக்குள்

வடசென்னையில் கல்மண்டபம் பகுதியில் ஒருவர். துறைமுகத்தில் லாரி மேலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அடிக்கடி குளிர் காய்ச்சல். ஒருநாள் போர்வையை விலக்கினேன். மூத்திரப் பை அவர் வயிற்றின் மேல் கிடந்தது. மேலே இருந்தால் மூத்திரம் திரும்ப உள்ளே போகும், காய்ச்சல் அதனால்தான் என்று சொல்லி, கட்டில் சட்டத்தில் தரையைத் தொடாமல் மாட்டினேன். அடுத்த முறை போனால் மறுபடியும் போர்வைக்குள். ஏன் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கீய தொங்கவுட்டா வர்றவன்லாம் என் மூஞ்சப் பாக்காம பையையே பாத்துகினு கீறான் சிஸ்டர்."

யாரும் கேட்காதது

ராயபுரத்தில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போட்ட குழாய். எலும்பு கூடி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு மாதா கோயில் வரை போக ஆரம்பித்தும் குழாய் அப்படியே இருந்தது. நடுவில் கிருமி தொற்றி ஊசி, மாத்திரை. இது இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். பரிசோதித்துவிட்டு எடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் பெரியவர் தானாக பாத்ரூம் போய் வந்து, உட்கார்ந்து அழுதார். அவர் மனைவி சொன்னது:

"வாய்வுட்டு கேட்டா எடுத்துடுவாங்கன்னு யாருமே சொல்லலியேம்மா."

நிறைந்த பாட்டில்

எம்.கே.பி. நகர் மாடி வீட்டில் பக்கவாதம் வந்த ஒரு அம்மா. துணி கம்பெனியில் வேலை செய்யும் ஒரே மகள்தான் துணை. மகளிடம் குறை சொல்ல முடியாது. கை கழுவாமல் குழாயைத் தொடமாட்டாள். தினமும் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுவாள். ஆனாலும் மூத்திரம் டிகாஷன் நிறத்தில், நாற்றத்தோடு வந்தது. மகள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டில் குறையவே இல்லை. மகள் இல்லாத நேரத்தில் விசாரித்தேன். "நான் குடிச்சா பை ரொம்பும். அலுத்து வர்ற பொண்ணு அத்த வேற தூக்கி ஊத்தணுமா?" என்றார் அம்மா.

அன்றே மகளிடம் சொன்னேன். அவளும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தாள். அதற்குள் காய்ச்சல் ஏறி, பேச்சு குழறி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. துக்கம் கேட்கப் போனபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்:

"பை ரொம்பினா நான் ஊத்தமாட்டனா சிஸ்டர், அதுக்குப் போயி இன்னாத்துக்கு பயந்துச்சு?"

கிருமிக்காவது மருந்து இருக்கிறது, இந்தக் கூச்சத்துக்கும் பயத்துக்கும்தான் இல்லை என்று சொல்லித்தான் இப்போதெல்லாம் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.